மறைக்கல்வி ஆசிரியருக்கு உரை போதாது, ஒத்திகை வேண்டும்

தமிழ்நாட்டுக் கத்தோலிக்கப் பங்குகளில், அதாவது ஒரு குருவின் பொறுப்பில் உள்ள கோயில் சமூகங்களில், ஞாயிறு காலைத் திருப்பலி முடிந்ததும் பிள்ளைகளுக்கு விசுவாசத்தைக் கற்பிக்கும் மறைக்கல்வி வகுப்பு தொடங்கும். கோயிலுக்குள்ளேயே இரண்டு வகுப்பு, தாழ்வாரத்தில் ஒன்று, மரத்தடியில் ஒன்று, பங்குப் பள்ளியில் அறை கிடைத்தால் மீதி அங்கே. கற்பிப்பவர்களில் கல்லூரி மாணவிகள், வேலைக்குப் போகும் இளைஞர்கள், ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர்கள், இல்லத்தரசிகள், அருட்சகோதரிகள் என்று எல்லோரும் இருப்பார்கள். பெரும்பாலும் சம்பளம் கிடையாது. ஆசிரியப் பயிற்சி பெற்றவர்கள் குறைவு. இளையவர்கள் திருமணமாகியோ வேலை கிடைத்தோ ஊரைவிட்டுப் போய்விடுவதால் புதியவர்கள் வந்துகொண்டே இருப்பார்கள்.

இவர்களுக்காகப் பெரும்பாலான இடங்களில் கல்வியாண்டின் தொடக்கத்தில் ஒருநாள் பயிற்சி நடக்கும். காலையில் செபம், விவிலியம் பற்றி ஓர் உரை, தேநீர், ஞானஸ்நானம், நற்கருணை போன்ற திருவருட்சாதனங்கள் பற்றி இன்னோர் உரை, மதிய உணவு, கேள்வி நேரம், புதிய பாடநூல் விநியோகம், நிறைவுத் திருப்பலி. உரைகள் நன்றாகவே இருக்கலாம். ஆனால் அந்த நாள் முழுவதும் ஓர் ஆசிரியர்கூட எழுந்து நின்று ஐந்து நிமிடம் பாடம் நடத்திப் பார்த்திருக்க மாட்டார். அடுத்த ஞாயிறு அவர் என்ன செய்வார்? தனக்கு நடந்ததையே பிள்ளைகளுக்குச் செய்வார்: நாற்பது நிமிடம் பேசுவார். பிள்ளைகள் நெளிவார்கள், அவர் குரலை உயர்த்துவார், பிறகு பாடநூலில் இருக்கும் கேள்வி பதிலை எழுதிக்கொள்ளச் சொல்வார். இதை அவருடைய ஆர்வக் குறைவாகப் பார்க்கக் கூடாது. வேறு விதமாக நடத்துவதை அவர் கண்ணால் கண்டதுமில்லை, கையால் செய்து பழகியதுமில்லை.

இந்த வழக்கம் எங்கிருந்து வந்தது

1542-இல் முத்துக்குளித்துறைக்கு, அதாவது தூத்துக்குடிப் பக்கக் கடற்கரைக்கு, வந்த இயேசு சபைக் குரு பிரான்சிஸ் சவேரியார், விசுவாச அறிக்கை, பத்துக் கட்டளைகள், முக்கியச் செபங்கள் ஆகியவற்றைத் தமிழ் தெரிந்தவர்களின் துணையோடு மொழிபெயர்த்து மனப்பாடம் செய்துகொண்டார். கையில் மணியோடு தெருத்தெருவாகப் போய்ப் பிள்ளைகளைக் கூட்டி, அவற்றைச் சொல்லிக்கொடுத்தார். வகுப்பில் கற்றதை வீட்டில் பெற்றோருக்கும் அண்டை வீட்டாருக்கும் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்று பிள்ளைகளிடமே பொறுப்பைக் கொடுத்ததையும் தம் கடிதத்தில் எழுதியிருக்கிறார். அவர் வேறு ஊருக்குப் போகும்போது அந்தந்த ஊரில் கணக்கப்பிள்ளை ஒருவர் செபங்களைத் தொடர்ந்து சொல்லிக்கொடுத்தார். குரு இல்லாத ஊரில் செபமும் மறைக்கல்வியும் நடத்தும் இன்றைய உபதேசியாருக்கு முன்னோடி அவர்தான். பிறகு ஹென்றி ஹென்றிக்கஸ் அடிகளார் 1578-இல் கொல்லத்தில் அச்சிட்ட 16 பக்க ‘தம்பிரான் வணக்கம்’, தமிழ் எழுத்தில் வெளிவந்த முதல் அச்சு நூல்களில் ஒன்று. அடுத்த ஆண்டு கொச்சியில் வந்த ‘கிரிசித்தியானி வணக்கம்’ கேள்வி பதில் வடிவில் அமைந்தது.

அந்த வடிவம் அக்காலத்துக்குப் பொருத்தமானது. புத்தகம் அரிது, எழுத்தறிவும் அரிது. ஊருக்கு ஒருவர் தெரிந்துவைத்திருந்தால் மற்றவர்கள் கேட்டுக் கேட்டே பாடமாக்கிக்கொள்வார்கள். சிக்கல் பின்னால் வந்தது. புத்தகமும் பள்ளியும் பெருகிய பிறகும், கேள்வி பதிலை ஒப்பிக்க வைப்பதே ஞானோபதேசம் (மறைக்கல்வியின் பழைய பெயர்) என்ற எண்ணம் நிலைத்துவிட்டது. 1905-இல் திருத்தந்தை பத்தாம் பயஸ், ஞாயிறுதோறும் பிள்ளைகளுக்கு ஒரு மணி நேரம் மறைக்கல்வி கற்பிக்க வேண்டும், பங்குதோறும் அதற்காக ஒரு சபை இருக்க வேண்டும் என்று கட்டளையிட்டார். 1910-இல் முதல் நற்கருணைக்கான வயதை ஏறக்குறைய ஏழு என்று இறக்கினார். வகுப்பு கட்டாயமானது, பிள்ளைகளின் வயது குறைந்தது. கற்பிக்கும் முறையைப் பற்றிய கவலை அப்போதுதான் பெரிதாக எழுந்தது.

ஜெர்மனியில் மியூனிக் நகர ஆசிரியர்கள் ஏறத்தாழ அதே காலத்தில் ஒரு மாற்றைக் கொண்டுவந்தார்கள். வரையறையில் தொடங்கி அதைச் சொல்லுக்குச் சொல் விளக்குவதை விட்டுவிட்டு, முதலில் ஒரு கதை, பிறகு அதிலிருந்து விளக்கம், பிறகு வாழ்க்கைக்குப் பொருத்துதல் என்ற மூன்று படிகளை வகுத்தார்கள். இன்று நம் பாடநூல்களில் ஒவ்வொரு பாடமும் கதையோடு தொடங்குவதற்கு வேர் அங்கே இருக்கிறது. இந்தியாவில் 1967-இல் பெங்களூரில் தொடங்கிய தேசிய விவிலிய, மறைக்கல்வி, வழிபாட்டு நடுநிலையம் இந்தப் புதுப்பித்தலுக்கு மையமாக இருந்தது. அதன் முதல் இயக்குநர் டி.எஸ். அமலோர்பவதாஸ் அடிகளார், தமிழர்.

2020-இல் வத்திக்கான் வெளியிட்ட மறைக்கல்வி வழிகாட்டி, ஆசிரியரின் உருவாக்கத்தில் மூன்று பக்கங்களைச் சொல்கிறது: அவர் எப்படிப்பட்டவராக இருக்கிறார், என்ன அறிந்திருக்கிறார், என்ன செய்யத் தெரிந்திருக்கிறார். 2021 மே மாதம் திருத்தந்தை பிரான்சிஸ் மறைக்கல்வியாளர் பணியைப் பொதுநிலையினருக்கான, அதாவது குருக்களும் துறவிகளும் அல்லாதவர்களுக்கான, ஒரு திருப்பணியாகவே நிறுவினார். நம் பயிற்சிகள் முதல் பக்கத்துக்குத் தியானமும் இரண்டாவதற்கு உரையும் தருகின்றன. மூன்றாவது பக்கம் பெரும்பாலும் காலியாகவே கிடக்கிறது.

36 நிமிடக் கணக்கு

கற்பித்தல் ஒரு கைத்திறன். பிறர் செய்வதைப் பார்த்து, தானே செய்து, திருத்தப்பட்டு, மறுபடி செய்துதான் அது படியும். பி.எட். படித்தவர்களுக்கு நுண்ணிலைக் கற்பித்தல் என்ற முறை தெரிந்திருக்கும். 1963 வாக்கில் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் டுவைட் ஆலனும் அவரோடு இருந்தவர்களும் வகுத்தது இது. முழு வகுப்பு, முழுப் பாடம், முழு நேரம் என்பதையெல்லாம் சுருக்கி, ஒரே ஒரு திறனை மட்டும் சில நிமிடம் செய்து பார்ப்பதே இதன் சாரம். இந்தியாவில் வழக்கத்தில் உள்ள அட்டவணைப்படி 6 நிமிடம் கற்பித்தல், 6 நிமிடம் கருத்துக் கேட்டல், 12 நிமிடம் திருத்தித் தயாரித்தல், 6 நிமிடம் மறுபடி கற்பித்தல், 6 நிமிடம் மறுபடி கருத்து. மொத்தம் 36 நிமிடம்.

மறைக்கல்விப் பயிற்சிக்கு இது அப்படியே பொருந்தும். ஐந்து பேர் ஒரு குழு. ஒருவர் நடத்த, மற்ற நால்வர் பிள்ளைகளாக உட்கார வேண்டும். ஐந்து பேருக்கும் ஒரு சுற்று முடிய 5 × 36 = 180 நிமிடம், அதாவது மூன்று மணி நேரம். ஒரு சனிக்கிழமை காலை அதற்கே சரியாகிவிடும். வழிநடத்தத் தெரிந்தவர்கள் மூவர் இருந்தால் ஒரு காலையில் 15 பேரைப் பழக்கலாம். நூறு பேரை ஒரே மண்டபத்தில் வைத்துக்கொண்டு இதைச் செய்யவே முடியாது. மறைமாவட்ட அளவிலான பெரிய கூட்டங்கள் உரைகளாகவே முடிவதற்கு இந்தக் கணக்கும் ஒரு காரணம். ஆகவே இது பங்கு அளவிலோ, பக்கத்துப் பங்குகள் மூன்று நான்கு சேர்ந்தோ நடக்க வேண்டிய பயிற்சி. பெரிய கூட்டம் ஒற்றுமை உணர்வுக்கு நல்லது, அதை விட வேண்டாம். ஆனால் அதைப் பயிற்சி என்று கணக்கில் எழுதக் கூடாது.

வழக்கமாக வரும் தவறு, ஒரே சுற்றில் எல்லாத் திறனையும் திருத்தப் பார்ப்பது. “குரல் சின்னதா இருக்கு, கண்ணைப் பார்த்துப் பேசல, கரும்பலகை எழுத்து கோணல், கேள்வி சரியில்ல” என்று நால்வரும் அடுக்கினால், புதிதாக வந்த பத்தொன்பது வயதுப் பெண் அடுத்த மாதம் வரமாட்டார். சுற்று தொடங்கும் முன்பே இன்று எந்தத் திறன் என்று சொல்லிவிட வேண்டும். கதை சொல்லுதல், கேள்வி கேட்டல், செபத்துக்கு வகுப்பை அமைதிப்படுத்துதல், இப்படி ஒன்று மட்டும். கருத்துச் சொல்லும்போது முதல் பேச்சு நடத்தியவருடையது: எது சரியாக வந்தது, எங்கே தடுக்கியது என்று அவரே சொல்லட்டும். பிறகு மற்றவர்கள், கண்ணால் பார்த்ததை மட்டும். “நல்லா இருந்துச்சு” என்பது கருத்தாகாது. “நீங்க கேட்ட நாலு கேள்விக்கும் அந்தோணி ஒருத்தர்தான் பதில் சொன்னார்” என்பது கருத்து. கடைசியில் மாற்ற வேண்டியது ஒன்றே ஒன்று. மறுபடி கற்பிக்கும் 6 நிமிடத்தை நேரமில்லை என்று வெட்டிவிடுவது அடுத்த தவறு. திருத்தியதைச் செய்து பார்க்கும் அந்த 6 நிமிடத்துக்காகத்தான் முன்னால் உள்ள 24 நிமிடமும். அதை வெட்டினால் மிஞ்சுவது விமர்சனம் மட்டுமே.

சக்கேயுவை வைத்து ஒரு பார்வை

எந்தத் திறனில் தொடங்குவது என்று கேட்டால், கேள்வி கேட்பதில். லூக்கா 19:1-10, சக்கேயு கதை எல்லாப் பாடத்திட்டத்திலும் ஏதாவது ஒரு வகுப்பில் இருக்கும்: இயேசுவைப் பார்க்க மரத்தில் ஏறிய குள்ளமான, பணக்கார வரிவசூல் தலைவர் அவர். பயிற்சி பெறாத ஆசிரியர் இப்படிக் கேட்பார்: சக்கேயு எந்த ஊரில் இருந்தார்? எரிக்கோ. எந்த மரத்தில் ஏறினார்? காட்டு அத்தி மரம். சொத்தில் எவ்வளவு கொடுப்பதாகச் சொன்னார்? பாதி. எத்தனை மடங்கு திருப்பிக் கொடுப்பதாகச் சொன்னார்? நான்கு. நான்கு கேள்வி, நான்கு ஒற்றைச் சொல் பதில், முப்பது நொடியில் முடிந்துவிடும். கதை தெரிந்த பிள்ளை முந்திக்கொண்டு சொல்லும், மற்றவர்கள் வேடிக்கை பார்ப்பார்கள். இந்தக் கேள்விகள் தேவைதான். கதை மனதில் ஏறியதா என்று பார்க்க இவையே வழி. ஆனால் வகுப்பு இவற்றோடு நின்றுவிடக் கூடாது.

இப்போது இப்படிக் கேட்டுப் பாருங்கள்: “எடுத்த பணத்தைத் திருப்பிக் கொடுன்னு சக்கேயுகிட்ட யார் சொன்னாங்க?” பிள்ளைகள் அநேகமாக உடனே “இயேசு” என்பார்கள். “எந்த வசனத்துல? தேடிப் பாருங்க.” பத்தே வசனங்கள். பிள்ளைகள் விரலை வைத்துத் தேடுவார்கள். கிடைக்காது. இயேசு அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார், இன்று உம் வீட்டில் தங்க வேண்டும் என்கிறார், அவ்வளவுதான். திட்டவில்லை, கணக்குக் கேட்கவில்லை. திருப்பிக் கொடுப்பதாக சக்கேயுவே எழுந்து நின்று சொல்கிறார். “அப்போ அவர் மனசு எந்த இடத்துல மாறியிருக்கும்?” என்று அடுத்த கேள்வி. மரத்தில் இருக்கும்போதா, பெயர் சொல்லிக் கூப்பிட்டபோதா, ஊர் முழுக்க முணுமுணுத்தபோதும் இயேசு தன் வீட்டுக்கு வந்தபோதா? இதற்கு ஒரே விடை கிடையாது. பிள்ளைகள் வாதிடுவார்கள். அந்த வாதத்தில் அவர்கள் மறுபடி மறுபடி வசனத்துக்குப் போவார்கள். இறைவனின் அன்பு முந்திக்கொண்டு வருகிறது என்று ஆசிரியர் பத்து நிமிடம் விளக்கியிருந்தாலும் கிடைக்காத ஒன்று அங்கே கிடைக்கிறது.

இத்தகைய கேள்வி மேடையில் தானாகத் தோன்றாது. முந்தின நாளே பகுதியை இரண்டு மூன்று முறை படித்து, எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். பயிற்சியில் இதற்கென்றே ஓர் அரை மணி ஒதுக்கலாம்: ஒரே பகுதிக்கு ஒவ்வொருவரும் வசனத்துக்குள் தேட வைக்கும் கேள்வி ஒன்று, வாழ்க்கையோடு பொருத்தும் கேள்வி ஒன்று எழுதி, சத்தமாக வாசித்து, ஒருவருக்கொருவர் பதில் சொல்லிப் பார்ப்பது. “ஆமா”, “இல்ல” என்று பதில் வந்தால் கேள்வியைத் திருத்த வேண்டும்.

கேட்ட பிறகு காத்திருப்பது அடுத்த சிரமம். மேரி பட் ரோ என்ற அமெரிக்க ஆய்வாளர் 1970-களில் வகுப்பறைப் பதிவுகளை அளந்து பார்த்தபோது, கேள்வி கேட்ட ஆசிரியர்கள் சராசரியாக ஏறக்குறைய ஒரு நொடிதான் காத்திருந்தார்கள். அதை மூன்று நொடிக்கு மேல் நீட்டியபோது பதில்கள் நீண்டன, வழக்கமாகப் பேசாத பிள்ளைகளும் பேசினார்கள், தெரியாது என்பது குறைந்தது. மூன்று நொடி நமக்குச் சின்னதாகத் தெரியும். நின்று பார்த்தால் யுகமாக இருக்கும். ஆகவே நுண்ணிலைச் சுற்றில் ஒருவர் கைக்கடிகாரத்தைப் பார்த்து ஒவ்வொரு இடைவெளியையும் எழுதிக் கொடுக்க வேண்டும். சரியான பதில் வந்தவுடன் “வெரி குட்” என்று மூடிவிடுவதும் காத்திருப்பைக் கெடுக்கும். முதல் பதிலைக் கேட்டுவிட்டு, “வேற யாரு?” என்று இன்னும் இருவரிடம் போனால் முதல் பதில் சொன்ன பிள்ளையும் யோசனையை நிறுத்தாது.

கதையின் முடிவில் ஒரு நீதியை ஒட்டும் பழக்கத்தையும் இங்கேயே சொல்ல வேண்டும். சக்கேயுவா, “ஆகவே நாமும் திருடக் கூடாது.” காணாமற்போன மகனா, “ஆகவே அப்பா அம்மா சொல்வதைக் கேட்க வேண்டும்.” நல்ல சமாரியனா, “ஆகவே எல்லோருக்கும் உதவ வேண்டும்.” ஓராண்டில் முப்பது கதை கேட்ட பிள்ளைக்கு முப்பதும் ‘நல்ல பிள்ளையாக இரு’ என்ற ஒரே செய்தியாகத் தேய்ந்துவிடும். தந்தை ஓடிவந்து கட்டிக்கொண்டதுதான் காணாமற்போன மகன் உவமையின் உச்சம். அதைக் கீழ்ப்படிதல் பாடமாக்கினால் உவமையே போய்விட்டது. கடைசி வாக்கியத்தைப் பிள்ளைகளிடமே விட்டுவிடலாம்: “இந்தக் கதையில உனக்கு மறக்காத இடம் எது? ஏன்?”

45 நிமிடம் எங்கே போகிறது

தாளில் 45 நிமிடம். திருப்பலி முடிந்து பிள்ளைகள் வந்து உட்கார 7 நிமிடம், வருகைப் பதிவுக்கு 5, இடையில் அறிவிப்பு, கடைசியில் பெற்றோர் வந்து கூப்பிடுவது. மிச்சம் 30 என்று வைத்துத் திட்டமிடுவதே நடைமுறைக்கு ஒத்துவரும். பிள்ளைகள் வரும்போதே வருகையைக் குறித்துக்கொண்டால் 5 நிமிடம் திரும்பக் கிடைக்கும். அந்த 30-ஐ ஏறக்குறைய இப்படிப் பிரிக்கலாம்: போன வாரப் பாடத்திலிருந்து நினைவுக் கேள்வி 3 நிமிடம், பிள்ளைகளின் வாழ்க்கையிலிருந்து ஒரு கேள்வி 4, கதை 7, அதன்மேல் உரையாடல் 8, எழுதுவதோ வரைவதோ நடிப்பதோ 5, செபம் 3. கதை 7 நிமிடத்தைத் தாண்டினால் பின்னால் உள்ளது எல்லாம் நசுங்கும். கதையைப் புத்தகத்தைப் பார்க்காமல் சொல்லப் பழக வேண்டும் என்று வலியுறுத்துவதற்கு அதுவும் ஒரு காரணம். பார்த்துப் படிப்பவர் பாடநூலின் எல்லா வரியையும் படித்துவிடுவார். பார்க்காமல் சொல்பவர் தேவையானதை மட்டும் சொல்வார், கண்ணும் பிள்ளைகள்மேல் இருக்கும். இறைவார்த்தையை மட்டும் விவிலியத்தைத் திறந்து நிதானமாக வாசிக்க வேண்டும்.

காணொளி காட்டுவது பற்றிப் பயிற்சிதோறும் கேட்கிறார்கள். மூன்று நிமிடத்துக்கு மேல் வேண்டாம், அதுவும் பார்க்கும் முன்பே “இதுல எதைக் கவனிக்கணும்” என்று ஒரு கேள்வியைக் கொடுத்துவிட்டு. திரை, மின்சாரம், ஒலிபெருக்கி என்று ஏற்பாடு செய்யவே பத்து நிமிடம் போய்விடும் வகுப்புக்கு ஒரு பெரிய படமே மேல்.

மனப்பாடத்தை ஒதுக்கிவிட வேண்டுமா என்றால், கூடாது. செபங்களும் கட்டளைகளும் சில வசனங்களும் நாவில் இருக்க வேண்டும். 1979-இல் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுலும் மறைக்கல்வியில் நினைவாற்றலுக்கு உரிய இடத்தை மீட்கச் சொன்னார். செய்யும் விதத்தில்தான் கோளாறு. ஒரே ஞாயிறு இருபது முறை சேர்ந்து கத்த வைத்தால் கூட்டத்தில் வாயசைக்கும் பிள்ளை தப்பிவிடும், அடுத்த வாரம் மறந்தும் விடும். திரும்பத் திரும்பப் படிப்பதைவிட, பார்க்காமல் நினைவிலிருந்து எடுக்க முயல்வதே நெடுநாள் நிற்கும் என்பதை 2006-இல் ரோடிகர், கார்பிகி என்ற உளவியலாளர்கள் இருவரும் செய்த சோதனைகள் தெளிவாகக் காட்டின. ஆகவே ஒரு செபத்தை நான்கு துண்டாக்கி, வாரம் ஒரு துண்டு. ஒவ்வொரு வாரமும் பழைய துண்டுகளை இருவர் இருவராக ஒருவருக்கொருவர் பார்க்காமல் சொல்லிக்கொள்ளட்டும். முதல் நற்கருணை வகுப்பில் இதை ஆறு வாரம் தள்ளித் தள்ளிச் செய்தால் கடைசி வாரப் பதற்றம் இருக்காது.

வயதுக்கு ஏற்ற சொல் என்பது எல்லோரும் சொல்லும் அறிவுரை, செய்யும்போது வழுக்கும். 1964-இல் வெளிவந்த ஆய்வில் ரொனால்ட் கோல்ட்மன் என்ற ஆய்வாளர் இங்கிலாந்தில் 200 பிள்ளைகளிடம் விவிலியக் கதைகளைச் சொல்லிக் கேட்டபோது, சிறுவர்கள் உருவகத்தை அப்படியே நேர்ப்பொருளில் எடுத்துக்கொள்வதைக் கண்டார். அவர் தர்க்கத்துக்கு மட்டும் அதிக எடை கொடுத்தார் என்ற விமர்சனம் நியாயமானதே. குழந்தைகளுக்கும் ஆழமான இறையனுபவம் உண்டு என்பதை 1954 முதல் உரோமையில் சோபியா கவல்லெத்தி என்ற விவிலிய அறிஞர், குழந்தை தானே பொருள்களைக் கையாண்டு கற்கும் மொந்தெசோரி முறையில் நடத்திய வகுப்புகள் காட்டின. நல்ல ஆயனின் உருவத்தையும் ஆடுகளையும் சின்ன மரப் பொம்மைகளாகக் கொடுத்து, குழந்தையே நகர்த்திப் பார்க்கவிட்டார். அதிகம் பேசவில்லை. இரண்டையும் சேர்த்து ஆசிரியர் எடுத்துக்கொள்ள வேண்டியது: ஆறு ஏழு வயதுக்காரரிடம் “பாவம் ஆன்மாவில் கறை” போன்ற உருவகத்தைக் குறைத்து, கையில் தொடக்கூடியதையும் கதையையும் கூட்டுவது. ஒப்புரவு (பாவசங்கீர்த்தனம்) பற்றிச் சொல்லும்போது நரகத்தைக் காட்டிப் பயமுறுத்துவதற்கு எந்த வயதிலும் இடமில்லை.

நகரப் பங்குகளில் இன்னொரு சிக்கல் வளர்ந்துவிட்டது. ஆங்கில வழியில் படிக்கும் பிள்ளைகள் தமிழ் பேசுவார்கள், ஆனால் சரளமாக வாசிக்க வராது. 1995-இல் வந்த பொது மொழிபெயர்ப்புத் திருவிவிலியத்தின் நடை எளியதுதான், ஆனாலும் ஏழாம் வகுப்புப் பையனை எழுப்பி வாசிக்கச் சொன்னால் எழுத்துக் கூட்டித் தடுமாறுவான், மற்றவர்கள் சிரிப்பார்கள், அடுத்த வாரம் அவன் வரமாட்டான். வகுப்பில் திடீரென்று யாரையும் வாசிக்க எழுப்புவதை நிறுத்திவிடலாம். ஆசிரியர் முதலில் முழுதாக வாசித்து, பிறகு சொற்றொடர் சொற்றொடராக எல்லோரும் சேர்ந்து சொல்லி, அதன்பின் இருவர் இருவராக வாசிக்கட்டும். தனியாக வாசிக்க விரும்பும் பிள்ளைக்கு ஒரு வாரம் முன்பே பகுதியைக் கொடுத்தனுப்பலாம்.

கிளைக் கிராமங்களின் நிலைமை வேறு. அங்கே முதல் வகுப்பு முதல் பத்தாம் வகுப்பு வரை பதினைந்து பிள்ளைகள் ஒரே பாயில் உட்கார்ந்திருப்பார்கள், உபதேசியார் ஒருவர்தான். வகுப்புவாரியான பாடநூல்கள் அவருக்கு உதவாது. பயிற்சியும் பெரும்பாலும் நகரப் பங்கை மனதில் வைத்தே நடக்கிறது. அவருக்கு வேண்டியது ஒரே கதை, மூன்று வேலை என்ற திட்டம். கதையை எல்லோரும் சேர்ந்து கேட்பார்கள். பிறகு சிறியவர்கள் ஒரு காட்சியை வரைய, நடுவில் உள்ளவர்கள் வசனத்தில் தேடும் கேள்விக்கு எழுத, பெரியவர்கள் கதையை நம் ஊருக்கு மாற்றி நடிக்கத் தயாராவார்கள். முடிவில் பெரியவர்கள் நடிப்பதைச் சிறியவர்கள் பார்ப்பார்கள். இந்த ஒரு திட்டத்தை மூன்று கதைகளுக்குத் தயாரித்துப் பார்க்க வைத்தாலே, நான்காவதை அவரே செய்துகொள்வார்.

எதிர்பாராத கேள்விகள்

ஒன்பது வயதுப் பெண் கேட்கிறாள்: “அக்கா, எங்க அம்மாவைப் பெத்த பாட்டி இந்து. அவங்க மோட்சத்துக்குப் போவாங்களா?” தமிழ்நாட்டில் இந்தக் கேள்வி வராத வகுப்பு இருக்காது. பயிற்சி இல்லாதவர் “ஞானஸ்நானம் வாங்கணும்” என்பார், அல்லது “அதெல்லாம் கேட்கக் கூடாது” என்பார். இரண்டும் அந்தக் குழந்தையைக் காயப்படுத்தும், முதலாவது திருச்சபை கற்பிப்பதையும் திரிக்கும். இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1964-இல் திருச்சபை பற்றி வெளியிட்ட கொள்கைத் திரட்டின் 16-ஆம் எண், தம் குற்றமின்றிக் கிறிஸ்துவை அறியாதவர்கள் நேர்மையான உள்ளத்தோடு கடவுளைத் தேடி, மனச்சான்றின்படி அவர் விருப்பத்தை நிறைவேற்ற முயன்றால் மீட்படைய முடியும் என்று தெளிவாகச் சொல்கிறது. ஆசிரியர் இதைத் தெரிந்துவைத்திருந்து, “பாட்டியைப் பத்திச் சொல்லு, அவங்க எப்படி?” என்று முதலில் கேட்டு, “கடவுள் பாட்டியை உன்னைவிட நல்லா அறிஞ்சவர், உன்னைவிட அதிகமா நேசிக்கிறவர். நல்ல மனசோட தன்னைத் தேடுறவங்களை அவர் கைவிட மாட்டார்னு நம்ம திருச்சபை சொல்லுது” என்று சொல்லலாம். இறந்துபோன நாய்க்குட்டி, அப்பாவின் குடி, பள்ளியில் படித்த பரிணாமம், சாதி பார்த்து ஒதுக்கும் பெரியவர் ஒருவர் கோயிலில் முன்வரிசையில் உட்காருவது, இவையும் வரும். இப்படிப் பத்துக் கேள்விகளைச் சீட்டில் எழுதிக் குலுக்கி எடுத்து, இரண்டு நிமிடத்தில் பதில் சொல்லிப் பார்ப்பது பயிற்சியின் மிகப் பயனுள்ள ஒரு மணி நேரமாக அமையும். “எனக்கு இப்போ தெரியல, கேட்டுட்டு அடுத்த வாரம் சொல்றேன்” என்பதும் நல்ல பதில், அடுத்த வாரம் சொன்னால்.

குழந்தைப் பாதுகாப்பு இதோடு சேர்ந்தது. பிள்ளை நம்பிக்கையோடு ஏதோ ஒரு துன்பத்தைச் சொல்லும் இடம் பல நேரம் மறைக்கல்வி வகுப்புதான். பாலியல் குற்றம் நடந்திருக்கிறது என்றோ நடக்கக்கூடும் என்றோ அறிபவர் எவரும் காவல்துறைக்குத் தெரிவிக்க வேண்டும் என்று குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் 2012 போக்சோ சட்டத்தின் 19-ஆம் பிரிவு கட்டாயமாக்குகிறது. தெரிவிக்காமல் மறைப்பது 21-ஆம் பிரிவின்படி தண்டனைக்குரியது. பங்குத்தந்தையிடம் சொன்னதோடு கடமை முடிந்துவிடாது. குழந்தைகள் உதவி எண் 1098 ஒவ்வொரு ஆசிரியரின் கையேட்டிலும் முதல் பக்கத்தில் இருக்க வேண்டும். மூடிய அறையில் ஒரு பிள்ளையோடு தனியே இருப்பதில்லை, அடிப்பதில்லை என்ற விதிகளைப் பயிற்சியில் சத்தமாகப் படித்து எல்லோரும் கையெழுத்திட வேண்டும்.

பயிற்சி முடிந்த மூன்றாவது ஞாயிறுக்குள் பங்கின் மறைக்கல்வி ஒருங்கிணைப்பாளர் ஒவ்வொரு வகுப்பிலும் பின்னால் பத்து நிமிடம் உட்கார்ந்து பார்க்க வேண்டும். கையில் ஒரு தாள் போதும். பிள்ளைகள் உட்கார்ந்திருக்கும் வரிசையைக் கட்டங்களாக வரைந்து, யார் பேசினாலும் அவர் கட்டத்தில் ஒரு கோடு. வகுப்பு முடிந்ததும் எதுவும் சொல்லாமல் அந்தத் தாளை ஆசிரியரிடம் கொடுத்தாலே பாதி வேலை முடிந்துவிடும்: முன்வரிசையில் மூன்று பிள்ளைகள்மேல் கோடுகள் குவிந்திருக்கும், பின்வரிசை வெறுமையாக இருக்கும். அடுத்த மாதம் இன்னொரு தாள். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம்.

இவ்வளவு செய்தும் ஆண்டுத் தேர்வு பழைய மாதிரியே இருந்தால் எல்லாம் மூன்றே மாதத்தில் பழைய தடத்துக்குத் திரும்பிவிடும். வினாத்தாள் முழுக்கக் கோடிட்ட இடத்தை நிரப்புவதும் பொருத்துவதுமாக இருந்தால், ஆசிரியர் அதற்குத்தான் தயாரிப்பார். பரிசு வாங்கித் தர வேண்டும் என்ற நியாயமான ஆசை அவருக்கும் உண்டு. பயிற்சியை ஏற்பாடு செய்பவர்களே வினாத்தாளையும் தயாரிப்பதால் மாற்றுவது கடினமில்லை. நூறு மதிப்பெண்ணில் ஐம்பதை நினைவுக் கேள்விகளுக்கு வைத்துக்கொண்டு, முப்பதை ஒரு விவிலியப் பகுதியை அச்சிட்டுக் கொடுத்து அதற்குள் தேடி எழுதும் கேள்விகளுக்கும், இருபதைத் தன் சொந்தச் சொற்களில் ஒரு செபம் எழுதுவதற்கும் ஒதுக்கலாம். புதிய வினாத்தாளின் மாதிரியை ஆண்டின் தொடக்கத்தில், பாடநூலோடு சேர்த்தே ஆசிரியர் கையில் கொடுத்துவிட வேண்டும்.